ரொக்கெட் கேள்வி-பதில்: சோடாப் போத்தலும் மோட்டார்தான்

இம்முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் பாடசாலைப் பிள்ளைகளின் கேள்விகள். கண்காட்சிக் காலம் போலிருக்கிறது. மோட்டார் எது, ரொக்கெட் எத்தனை கிராம் என்று எழுதாமல் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன், அதுவும் திட்டுவதற்காக.

கனடாவில் இருக்கும் பேத்தி, பாடசாலையில் விடும் ரொக்கெட்டின் மோட்டாரைப் படம் எடுத்து அனுப்பினாள். அதில் ‘சி6-5’ என்று இருக்கிறது. என்ன கணக்கு இது?
– ஓய்வுபெற்ற தபாலதிபர், ஓர்ஸ் ஹில்

எழுத்து, மொத்தக் கணத்தாக்கு: மோட்டார் தள்ளும் விசையை (அதுதான் உதைப்பு) தள்ளும் நேரத்தால் பெருக்கினால் வருவது. ஏ என்றால் 2.5 நியூட்டன் செக்கன் வரை, பி 5 வரை, சி 10 வரை, டி 20 வரை. எழுத்துக்கு எழுத்து இரட்டிக்கும். அடுத்த எண் சராசரி உதைப்பு, நியூட்டனில். கடைசி எண், உந்துமருந்து எரிந்து முடிந்த பிறகு பரசூட் வெளியே வர எத்தனை செக்கன் என்பது. அந்த 5 செக்கனும் உள்ளே மந்தமான மருந்து ஒன்று புகைந்துகொண்டிருக்கும். ரொக்கெட் வந்த வேகத்திலேயே மேலே ஏறும். அது எரிந்து முடிந்ததும் ஒரு சிறு வெடி மூக்கைக் கழற்றிப் பரசூட்டை வெளியே தள்ளும். கடைசி எண் 0 என்றால் அது இரண்டடுக்கு ரொக்கெட்டின் கீழ் மோட்டார். தனியாக விட்டால் பரசூட் வராது, ரொக்கெட் தலைகீழாக வந்து நிலத்தில் குத்தும்.

பேத்திக்கு ஒன்று சொல்லிவிடுங்கள் ஐயா: மோட்டார்களை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்க வேண்டாம். சூடாகிக் குளிர்ந்து, திரும்பச் சூடாகிக் குளிர்ந்தால் மருந்துக் கட்டி மட்டையை விட்டுக் கழரும், வெடிப்பு விழும். பிறகு பற்றவைத்தால் மோட்டாரே வெடிக்கும்.

வளியைக் கீழே தள்ளித்தானே ரொக்கெட் மேலே போகிறது? அப்படியென்றால் வெற்றிடத்தில் எப்படி?
– உயர்தர மாணவர், உப்புவெளி

தன் வயிற்றில் இருந்ததைத் தள்ளிவிட்டுத்தான் போகிறது, வளியை நம்பி இல்லை. எரிய வேண்டிய ஒட்சிசனும் மருந்தில் கலந்த வெடியுப்புக்குள்ளேயே இருக்கிறது. மேலே சொன்ன சி6 மோட்டாரில் மருந்து ஏறக்குறைய 11 கிராம், கணத்தாக்கு ஏறக்குறைய 9 நியூட்டன் செக்கன். கணத்தாக்கை மருந்தின் கிலோகிராமால் வகுத்துப் பாருங்கள்: வாயு வெளியேறும் வேகம் செக்கனுக்கு 800 மீற்றர் அளவில் வரும். வெற்றிடத்தில் எதிர்த்து அழுத்த வளி இல்லாததால் உதைப்பு கொஞ்சம் கூடவே கிடைக்கும்.

என் ரொக்கெட் எவ்வளவு உயரம் போகும்?
– நிலாவெளி

எந்த ரொக்கெட்? எந்த மோட்டார்? எத்தனை கிராம்? ஒரு வரி எழுதக் கை வலிக்குமா? அதே சி6, மோட்டாரோடு சேர்த்து 50 கிராம் இருக்கும் மெலிந்த ரொக்கெட்டை 300 மீற்றர் அளவுக்கு ஏற்றும். 100 கிராம் உள்ள தடித்த ரொக்கெட் அதில் பாதியைத் தாண்டினாலே பெரிய காரியம். உதைப்பு, ரொக்கெட்டின் எடையைப் போல 5 மடங்காவது இல்லையென்றால் ஏவும் கம்பியை விட்டு மெதுவாகக் கிளம்பி, காற்று திருப்பிய பக்கம் போகும். 100 கிராம் என்றால் எடை 1 நியூட்டன், ஆகவே 5 நியூட்டன் வேண்டும். முதலில் தராசைத் தேடுங்கள்.

சீனி போட்டு மோட்டார் செய்யும் வீடியோ பார்த்தோம். இரும்புக் குழாய் இருக்கிறது. அளவுகளை மட்டும் சொல்வீர்களா?
– இரண்டு நண்பர்கள், கிண்ணியா

சொல்ல மாட்டேன். போன முறையும் சொல்லவில்லை, அடுத்த முறையும் சொல்லப்போவதில்லை.

காரணத்தைக் கேளுங்கள் தம்பிமாரே. உந்துமருந்து எரியும் வேகம் அமுக்கத்தோடு கூடும். வேகம் கூடினால் வாயு கூடும், வாயு கூடினால் அமுக்கம் இன்னும் கூடும். இந்தச் சுற்றைக் கட்டிவைத்திருப்பது இரண்டே விஷயம்: பின்துவாரத்தின் அளவும், எரியும் பரப்பின் அளவும். மருந்துக் கட்டியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு இருந்தால் போதும், நெருப்பு அதற்குள் புகுந்து பரப்பைப் பல மடங்காக்கும். துவாரத்தால் அவ்வளவு வாயுவும் வெளியேற முடியாது. அதன் பிறகு உங்கள் கையில் இருப்பது ரொக்கெட் இல்லை, குண்டு. இரும்புக் குழாய் என்றால் சிதறும் துண்டுகளும் இலவசம். கடையில் விற்கும் சிறிய மோட்டாருக்கு மட்டைக் குழாயும் களிமண் துவாரமும் வைப்பது சிக்கனத்துக்காக மட்டும் இல்லை. அது கிழிந்தாலும் ஆளைக் குத்தாது.

இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே உங்களைப் போன்றவர்களால்தான். 1950களில் அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டில் மருந்து கலந்து கையையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆபத்தைப் பற்றி ஹாரி ஸ்டைன் என்ற ரொக்கெட் பொறியியலாளர் 1957இல் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படித்த ஓர்வில் கார்லைல், நெப்ராஸ்காவில் சப்பாத்துக் கடை வைத்திருந்தவர், தான் 1954இலேயே செய்த மட்டை ரொக்கெட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார். மருந்தைப் பிள்ளைகள் தொடவே கூடாது, தொழிற்சாலையில் அடைத்த மோட்டாரை அப்படியே செருக வேண்டும் என்பதுதான் அவற்றின் அடிப்படை. பிறகு வேர்ன் எஸ்டெஸ் அதற்கென்றே ஒரு இயந்திரம் கட்டினார். பெயர் மேபல். ஐந்தாறு செக்கனுக்கு ஒரு மோட்டாரை அழுத்தித் தள்ளும், ஒன்றைப் போலவே மற்றதும் இருக்கும். குசினியில் கிண்டி எடுக்கிற கட்டிக்கு அந்த ஒழுங்கு வராது.

வெடிமருந்து என்ன செய்யும் என்று நம் மாவட்டத்துக்கு யாரும் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. டைனமைட் போட்டு மீன் பிடிக்கப் போய்க் கை போனவர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அனுமதியில்லாமல் வெடிபொருள் செய்வதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். கடற்கரையில் இரும்புக் குழாய் ஒன்று புகைந்தால் முதலில் வருவது கண்காட்சி நடுவராக இருக்காது. அந்தக் குழாயைப் பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். பிறகு, இன்னும் இரண்டு கேள்வி தள்ளித் தம்பலகாமத்து ரீச்சருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

ரொறன்ரோவில் இருந்து மாமா வருகிறார். பையில் நாலு மோட்டார் கொண்டுவரச் சொல்லலாமா?
– மூதூர்

கூடாது. கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. மாமாவை விமான நிலையத்திலேயே மறித்துவிடுவார்கள்.

ஈர்க்குவாணத்துக்குச் செட்டை இல்லையே, எப்படி நேராகப் போகிறது?
– தரம் 9 மாணவி, திருகோணமலை நகர்

நல்ல கேள்வி. நீண்ட ஈர்க்குதான் செட்டையின் வேலையைச் செய்கிறது. காற்று அழுத்தும் மையம் நிறை மையத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஈர்க்கை முறித்துவிட்டால் எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. சோதித்துப் பார்க்க வேண்டாம்.

நீர் ரொக்கெட் விடப்போகிறோம். போத்தலில் எவ்வளவு தண்ணீர்?
– விஞ்ஞான ஆசிரியை, தம்பலகாமம்

மூன்றில் ஒரு பங்கு. ஒன்றரை லீற்றர் போத்தலுக்கு அரை லீற்றர். சக்தியைச் சேமித்து வைத்திருப்பது அமுக்கிய வளி, எறிபடும் திணிவு தண்ணீர். தண்ணீர் கூடினால் வளிக்கு இடம் இல்லை, குறைந்தால் எறிய ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள் ரீச்சர். சைக்கிள் பம்பில் 60 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அமுக்கம்) அடித்தால் தண்ணீர் செக்கனுக்கு 28 மீற்றர் வேகத்தில் வெளியேறும். சி6 மோட்டாரில் இருக்கும் கருமருந்தின் 800 எங்கே, இது எங்கே! ஆனால் போத்தல் வாய் அகலம், தண்ணீர் பாரம். அதனால் கிளம்பும்போது உதைப்பு கிட்டத்தட்ட 300 நியூட்டன். சி6 மோட்டாரின் உச்சமே 14 அளவுதான். செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றாலும், மொத்தக் கணத்தாக்கு 10 நியூட்டன் செக்கனுக்குக் கிட்ட வரும். அதாவது சி மோட்டார். குழாயடித் தண்ணீரில்! கிண்ணியாத் தம்பிமார் இதைத்தான் இரண்டு தடவை வாசிக்க வேண்டும்.

சோடாப் போத்தல் மட்டுமே பாவியுங்கள். சாதாரண தண்ணீர்ப் போத்தல் தாங்காது, பிவிசி குழாய் வெடித்தால் கண்ணாடி போலச் சிதறும். கீறல் விழுந்த போத்தலை எறியுங்கள். 60க்கு மேல் அடிக்க வேண்டாம். 5 மீற்றர் தள்ளி நின்று கயிற்றால் இழுத்து விடுங்கள், குனிந்து பார்க்கிற பிள்ளையை முதலில் தூரப் போகச் சொல்லுங்கள். கச்சான் காற்று பலமாக வீசும் மத்தியானத்தில் வேண்டாம், காலையில் விடுங்கள். சீனன்குடா விமானத் தளப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கோணேசர் கோயில் மலையில் இருந்து விட்டால் இன்னும் உயரம் போகுமா?
– பெயர் வேண்டாம்

புறப்படும் இடம் கடலில் இருந்து 100 மீற்றர் உயரம் என்பதைத் தவிர மோட்டாருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அது கோயில், போகிற வழி கோட்டைக்குள் இராணுவ முகாம். யாரும் ரொக்கெட்டோடு உள்ளே விடமாட்டார்கள். அப்படி விட்டாலும் அது கடலில்தான் விழும், எடுத்துத் தரச் சொல்லி எனக்கு எழுத வேண்டாம்.