இசை கேள்வி – பதில்: காங்காவுக்கு இடம் விடுங்கள்

கேள்வி: பிரேசில் மெட்டல் பேண்டான செபுல்துராவின் 'ரூட்ஸ்' ஆல்பத்தில் 'ஆட்டிட்யூட்' பாட்டின் தொடக்கத்தில் கம்பி அதிர்வது போல ஒன்று கேட்கிறதே, அது என்ன?

அது பெரிம்பாவ். பிரேசிலின் தற்காப்புக் கலையும் நடனமும் கலந்த கபோயரா ஆட்டத்துக்குத் தாளம் சொல்லும் வில் வாத்தியம். நான்கைந்து அடி நீள மரக்கம்பு, எஃகுக் கம்பி (பெரும்பாலும் பழைய டயரிலிருந்து உரித்தது), கீழ்முனையிலிருந்து சுமார் ஒரு சாண் உயரத்தில் கட்டிய சுரைக்குடுக்கை, அவ்வளவுதான். ஒரு கையில் மெல்லிய குச்சியும் சிறு கிலுகிலுப்பைக் கூடையும், வில்லைப் பிடித்த கையில் ஒரு கூழாங்கல் அல்லது தடித்த நாணயம்.

கல் படாமல் அடித்தால் கீழ் சுரம். கல்லை அழுத்தி அடித்தால் சுருதி ஏறும். லேசாகத் தொட்டால் 'ஜ்ர்ர்' என்ற இரைச்சல். குடுக்கையின் வாயை வயிற்றில் ஒட்டி விலக்கினால் ஒலி மூடித் திறக்கும். புதிதாக வாசிப்பவர்கள் குடுக்கையை வயிற்றோடு இறுக்கிக்கொள்வதால்தான் சத்தம் செத்துப்போகிறது. முழு எடையும் சுண்டுவிரலில் தங்குவதால் முதலில் வலிக்கும்; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கி வையுங்கள்.

கேள்வி: எங்கள் மெட்டல் பேண்டில் காங்கா (கையால் தட்டும் உயரமான கியூப முழவு) சேர்த்தோம். கிடார் டிஸ்டார்ஷனை (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்டதும் காங்கா காணாமல் போகிறது. வால்யூமை ஏற்றியும் பயனில்லை. என்ன செய்வது?

வால்யூமை ஏற்றினால் மேலும் குழம்பும். பெரும்பாலும் சிக்கல் கிடாரில்தான். இரண்டு காங்காக்களை வழக்கப்படி 'ஜி', 'சி' சுருதிகளில் கட்டினால் அவற்றின் அடிநாதம் ஏறத்தாழ 196, 262 ஹெர்ட்ஸில் விழும். டிஸ்டார்ஷன் கிடார் அடைத்துக்கொண்டு நிற்பதும் அதே இடம். ஆகவே கிடாரில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 200 முதல் 280 வரை 3 டெசிபல் குறையுங்கள், கெயினை (டிஸ்டார்ஷனின் அளவை) கால் பங்கு இறக்குங்கள். கெயின் கூடக்கூட ஒலி தட்டையாகி இடைவெளியெல்லாம் நிரம்பிவிடும். இரண்டு கிடார்களை இடது, வலது ஓரங்களுக்குத் தள்ளிவிட்டு, காங்காவை நடுவிலிருந்து சற்றே விலக்கி வையுங்கள்.

மைக்கைத் தோலுக்கு நாலைந்து அங்குலம் மேலே, விளிம்பருகிலிருந்து நடுவை நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். கம்ப்ரஸரில் (உரத்த ஒலியை அமுக்கும் கருவி) விகிதம் 4:1, அட்டாக், அதாவது அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம், 15 மில்லி செகண்டுக்குக் குறையாமல். அதைவிட வேகமாக வைத்தால் 'ஸ்லாப்' அடியின் (கூர்மையாக ஒலிக்கும் அறை) முனை மழுங்கிவிடும்.

இவ்வளவும் செய்து கேட்கவில்லை என்றால் ட்ரம்மரைப் பாருங்கள். திறந்த ஹை-ஹாட்டும் க்ராஷும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸில் இரைகின்றன. ஸ்லாப்பின் கூர்மையும் அங்கேதான் இருக்கிறது. காங்கா வரும் எட்டு பார்களில் (தாளச் சுற்றுகளில்) சிம்பலைத் தொடாமல் டாம்களில் வாசிக்கச் சொல்லுங்கள்.

'ரூட்ஸ்' நமக்குக் காட்டுவதும் இதைத்தான். செபுல்துராவின் பாடகரும் கிடாரிஸ்டுமான மேக்ஸ் கவலேரா நான்கே கம்பிகள் கட்டிய கிடாரில் வாசித்தார். ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரிகள்) கனமானவை, ஆனால் சுரங்கள் குறைவு. அந்த இடைவெளியில்தான் தாள வாத்தியங்கள் உட்கார்ந்தன. ராஸ் ராபின்சன் தயாரிப்பில் மாலிபுவின் இண்டிகோ ராஞ்ச்சில் பதிவாகி, ஆண்டி வாலஸ் மிக்ஸ் செய்து 1996இல் வந்த அந்த ஆல்பத்தை ஹெட்போனில் கேளுங்கள். எங்கே கிடார் ஒதுங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படி வாசிக்க கிளாவே தாளம் கற்க வேண்டுமா?

'ரூட்ஸ்' பாணிக்கு வேண்டாம். கிளாவே, பாட்டின் அடித்தளமாக ஓடும் ஐந்து தட்டுத் தாளம், கியூபாவின் சொத்து. 'ரூட்ஸ்' ஆல்பத்தின் 'ராட்டமஹாட்டா' பாட்டில் வாசித்துப் பாடும் கார்லின்யோஸ் பிரவுன் பிரேசிலின் சால்வடாரைச் சேர்ந்தவர். அங்குள்ள தெரு முழவுகளின் நடை வேறு. சல்சாவை மெட்டலோடு இணைத்த போர்ட்டோ ரிக்கோவின் 'பூயா' (1999இல் வந்த 'ஃபண்டமென்டல்') பிடித்தவர் என்றால் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு பாரைப் பதினாறாகப் பிரித்து 1, 4, 7, 11, 13 ஆகியவற்றில் தட்டுங்கள். இது 3-2 சோன் கிளாவே. ஸ்நேர் வழக்கம்போல் 5, 13இல் விழும். 13இல் மட்டும் கிளாவேயோடு சேரும், 5இல் தனியாக நிற்கும். அந்த 5ஐப் பார்த்துப் பயந்து 4ஐத் தள்ளி வாசிப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை. ரிஃபின் பாம்-மியூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிக்கும்) அழுத்தங்களை 1, 4, 7இல் வைத்து, 8 முதல் 10 வரை கிடாரை முழுதாக நிறுத்துங்கள். டெம்போ 80இல் தொடங்கி, ட்ரம்மரும் காங்கா வாசிப்பவரும் இரண்டு நிமிடம் பிசகாமல் போன பிறகு நான்கு நான்காக ஏற்றுங்கள்.

கேள்வி: 'ரூட்ஸ்' ஆல்பத்தின் 'இட்சாரி'யில் வரும் பழங்குடிப் பாடல் சாம்பிளா (வேறு பதிவிலிருந்து வெட்டி ஒட்டியதா)?

இல்லை. செபுல்துரா பேண்ட் பிரேசிலின் மாட்டோ க்ரோஸோவில் உள்ள ஷவாந்தே மக்களின் கிராமத்துக்கே போய், அவர்களோடு உட்கார்ந்து அகூஸ்டிக் கிடாருடன் பதிவு செய்தது. அதனால்தான் அதில் டிஸ்டார்ஷன் ஒரு துளிகூட இல்லை.