போயா பின்னேரமும் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும்

கேள்வி: அக்கா, நான் கம்பஸ் ரெண்டாம் வருஷம், வெள்ளவத்தையில வீடு. லெக்சர், அசைன்மென்ட், பின்னேரம் ரியூஷன் குடுக்கிறது எண்டு ஓடுறன், அம்மாவோட ஆறுதலா கதைச்சே கனநாள். கையில காசும் பெருசா இல்ல. என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, உங்கட கேள்விய வாசிக்க மனசு கனத்துப்போச்சு. மாசத்துக்கு ஒருக்கா பௌர்ணமிக்குப் போயா லீவு வருதுதானே, அண்டைக்கு மட்டும் ரியூஷன் வேண்டாம் எண்டு இப்பவே சொல்லிவையுங்கோ. பின்னேரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தை ஸ்டேஷன்ல மூண்டாம் கிளாஸ் டிக்கெட் எடுத்து கோட்டைப் பக்கம் போற ரெயின்ல ஏறி கடல் பக்கத்து ஜன்னலோரமா இருத்துங்கோ, அந்தக் காத்துக்கே அவ கதைக்கத் தொடங்கிடுவா. கொம்பனித்தெருவில இறங்கி நடந்தா காலிமுகத்திடல். 1859ல அப்ப பிரிட்டிஷ் ஆளுநரா இருந்த ஹென்றி வார்ட் முடிச்ச நடைபாதை அது, கொழும்புப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எண்டே அங்க கல்லில வெட்டி வச்சிருக்கு, எனக்கு அந்த வரி நல்லாப் பிடிக்கும். இடியப்பமும் சம்பலும் வீட்டிலயே கட்டிக்கொண்டு போங்கோ, இறால் வடை மட்டும் அங்க வாங்கினாப் போதும். போயா எண்டபடியா சூரியன் கடலுக்க இறங்கேக்க முதுகுப்பக்கம் முழு நிலா எழும்பும், அம்மாவத் திரும்பிப் பாக்கச் சொல்லுங்கோ.

மற்ற நாள்ல? தேங்காய் திருவேக்க பக்கத்தில இருந்து வெங்காயம் உரிச்சுக் குடுங்கோ, ஃபோன அறையில வச்சிட்டு.