லூட்டுக்கு எந்தத் தந்தி?

கேள்வி: லூட் (பேரிக்காய் வடிவக் குடம் கொண்ட பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம்) ஒன்றைக் கையால் செய்துகொண்டிருக்கிறேன். முதல் தந்தி ஒற்றை, மற்ற ஐந்தும் ஜோடி. குடம் ஒட்டியாயிற்று, மேல்பலகையையும் இழைத்துவிட்டேன். தந்தி நீளம் 60 செ.மீ. கைவசம் உள்ள கிட்டார் நைலான் தந்திகளையே கட்டலாமா?

பதில்: வேண்டாம். கிளாசிக்கல் கிட்டாரில் ஒரு தந்தி ஏறக்குறைய 7 கிலோ இழுக்கும். அங்கே தந்தி ஆறுதான், உங்களுக்குப் பதினொன்று. பலகையோ ஒன்றரை மி.மீ. சொச்சம், தந்திகளைக் கட்டும் மரத்துண்டான குதிரை அதன்மேல் வெறும் பசையில் நிற்கிறது. என் முதல் லூட்டில் நானும் இப்படித்தான் ஆசைப்பட்டேன். மறுநாள் பார்த்தால், குதிரை பலகையிலிருந்து ஒரு சிம்பையும் பிய்த்துக்கொண்டு தொங்கியது.

முதல் தந்திக்கு 4 கிலோ, மற்றவற்றுக்கு 3 கிலோ சுற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தந்தியை வழக்கம்போல் ஜி சுரத்தில் (392 ஹெர்ட்ஸ்) வைப்பதானால், 60 செ.மீ. நீளத்துக்குக் குடல் நரம்பில் (ஆட்டுக் குடலைத் திரித்துச் செய்த தந்தி) 0.42 மி.மீ. தடிமன் போதும். நைலான் அதைவிட எடை குறைந்தது, ஆகவே 0.45. ஃப்ளூரோகார்பன் என்ற செயற்கை இழை கனமானது, 0.36 போதும், ஆனால் அதன் ஒலி கொஞ்சம் கூர்மை, எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. குடலின் அடர்த்திக்கு ஒப்பாகச் செய்த செயற்கைத் தந்தியும் கிடைக்கிறது. முதல் லூட்டுக்கு அதுதான் என் சிபாரிசு. ஈரப்பதம் மாறினால் குடல் நரம்பு மாதிரி சுருதி கலைந்து தொல்லை தராது.

முதல் தந்தி அறுந்தால், தடித்ததாகப் போட்டால் தாங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. தாங்காது. தடிமன் கூடினால் வலு எவ்வளவு கூடுகிறதோ, அதே சுருதிக்கு ஏற்ற வேண்டிய இழுப்பும் அவ்வளவு கூடிவிடும். அறுவதை முடிவு செய்வது நீளமும் சுருதியும் தந்தியின் பொருளும்தான். 60 செ.மீ.யில் ஜி என்பது குடல் நரம்புக்குக் கிட்டத்தட்ட எல்லை. இதே சுருதியை 65-இல் கேட்டிருந்தால் நரம்பு வாங்கியே ஓய்ந்திருப்பீர்கள்.

தடித்த பக்கம் வேறு சிக்கல். கடைசி ஜோடி இரண்டு ஸ்தாயி கீழே. அதே இழுப்புக்குக் குடல் நரம்பு நாலு மடங்கு தடிமனாக, 1.7 மி.மீ. அளவுக்கு வேண்டும், இழுப்பை 3 கிலோவாகக் குறைத்தாலும் ஏறக்குறைய ஒன்றரை வேண்டும். அத்தனை தடிமனில் ஒலி மந்தமாகிவிடும். உலோகம் சுற்றிய தந்தி 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வந்தது; அதற்கு முன்பு கீழ் ஜோடிகளில் ஒரு தடித்த தந்தியோடு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தியையும் சேர்த்துக் கட்டிச் சமாளித்தார்கள். நீங்களும் கடைசி மூன்று ஜோடிக்கு அப்படியே செய்யுங்கள். தடித்தது மட்டும் சுற்றுத்தந்தியாக இருக்கட்டும்.

அப்புறம், குடல் நரம்பே வாங்கினால் கட்டும் முன் சோதியுங்கள். இரண்டு கையிலும் விறைப்பாகப் பிடித்துக் கட்டைவிரலால் மீட்டினால், அதிரும்போது இரண்டு கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும். நடுவில் கலங்கலாகத் தெரிந்தால் அந்தத் துண்டு சுருதி சேராது. 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த சோதனை இது, இன்றும் பலிக்கிறது.

கட்டியதும் நேரே ஜி-க்கு முறுக்கிவிடாதீர்கள். முதல் வாரம் எல்லாத் தந்தியையும் ஒரு முழுச் சுரம் கீழே வைத்து, குதிரையின் பின்விளிம்பில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிப் பாருங்கள். காகிதம் உள்ளே நுழைந்தால் தந்தியைத் தளர்த்தி, குதிரையை எடுத்து மறுபடி ஒட்டுங்கள். வஜ்ஜிரத்தில் (விலங்குத் தோலில் காய்ச்சிய பசை) ஒட்டியிருந்தால் சூடும் ஈரமும் காட்டினால் வந்துவிடும்.