முன்னால் நின்று பார்த்தால் கொண்டை தெரியாது

ஆடி முடியப்போகிறது. ஆவணிக் கலியாணங்களுக்கு அலங்காரம் கேட்டு என் போனுக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் கொண்டைப் படங்கள்தான். எல்லாமே பின்பக்கத்திலிருந்து எடுத்தவை. சுருள், முத்து, பூ, எல்லாம் வடிவுதான். ஆனால் கலியாண வீட்டுக்கு வருகிறவர்கள் பொம்பிளையின் முதுகையா பார்த்துக்கொண்டிருப்பார்கள்? முன்னால் நின்று பார்த்தால் கொண்டை அனேகமாகத் தெரியவே தெரியாது. தெரிவது உச்சந்தலையில் முடி எவ்வளவு எழும்பி நிற்கிறது, உச்சி எங்கே பிரிந்திருக்கிறது, காதோரத்தில் என்ன கிடக்கிறது என்பதுதான். உங்கள் கேள்விகளுக்குக் கீழே வரும் பதில்களில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு என்ன முக வடிவம் என்றே தெரியவில்லை அக்கா. போனில் ஒரு ஆப் வட்டம் என்கிறது, இன்னொன்று நீள்வட்டம் என்கிறது. எதை நம்புவது? (ஏறாவூர்)

இரண்டையும் நம்ப வேண்டாம். கைநீட்டும் தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கும் நடுமுகமும் பெருத்து, காதுப்பக்கம் பின்வாங்கிப் போகும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஆப் என்ன சொன்னால் என்ன!

தையல் நாடாவை எடுங்கள். முடியை இழுத்துக் கட்டிவிட்டு, நெற்றியின் அகலமான இடம், கன்ன எலும்பிலிருந்து மற்றக் கன்ன எலும்பு, தாடை, பிறகு முடி தொடங்கும் இடத்திலிருந்து நாடி நுனி வரை நீளம் என நான்கையும் அளந்து எழுதுங்கள். கன்னம் 13 சென்ரிமீற்றர், நீளம் 19 என்று வந்தால், அதாவது நீளம் அகலத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்றால், நீள்வட்டம். நீளமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாகி, தாடை வளைந்து இறங்கினால் வட்டம். நெற்றி, கன்னம், தாடை மூன்றும் ஒரே அளவாகித் தாடை மூலை தெரிந்தால் சதுரம். நெற்றி அகன்று நாடி ஒடுங்கினால் இதயம். நீளம் ஒன்றரை மடங்கையும் நன்றாகத் தாண்டினால் நீள முகம்.

பெரும்பாலான முகங்கள் இரண்டு வடிவத்துக்கு நடுவில் நிற்கும். நானே பத்து வருடம் என்னை நீள்வட்டம் என்று நினைத்திருந்தேன். நாடா பிடித்துப் பார்த்தால் தாடை சதுரம். ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு கவலைப்படாதீர்கள். எங்கே அகலம், எங்கே நீளம் என்பது தெரிந்தால் போதும்.

எனக்கு நல்ல உருண்டை முகம். நேர் உச்சி எடுத்து நெற்றிச்சுட்டி வைத்தால் முகம் இன்னும் உருண்டுவிடும், கோணல் உச்சி எடு என்கிறாள் தங்கச்சி. கூறைச் சீலைக்குக் கோணல் உச்சியா என்று அம்மா கோபப்படுகிறா. (களுவாஞ்சிகுடி)

இந்தத் தடவை நான் அம்மா பக்கம். உருண்டை முகத்துக்கு நேர் உச்சி ஆகாது என்பது பாதி உண்மைதான். வெறும் நேர் உச்சி எடுத்து, எண்ணெய் வைத்த மாதிரி இரண்டு பக்கமும் படியச் சீவினால் முகம் அப்பளம்போலத் தெரியும், சரி. நெற்றிச்சுட்டி வைத்தால் கதை வேறு. அது நெற்றியின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுகிறது. பார்க்கிறவர் கண் அந்தக் கோட்டோடு இறங்கும், அகலத்தில் ஓடாது.

உங்கள் முகத்தை உருட்டிக் காட்டப்போவது உச்சி அல்ல, இரண்டு காதுக்குப் பின்னாலும் கொத்தாகப் பிதுங்கி நிற்கும் மல்லிகைச் சரம்தான். எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் பூ குறைந்தால் குறை என்று நினைத்து, கொண்டையைச் சுற்றி மிஞ்சியதையெல்லாம் காதோரம் செருகிவிடுவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் கன்னத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் பந்து. அதைச் செய்ய விடாதீர்கள். பூவைக் கொண்டையில் சுற்றி, ஒரு சரத்தை மட்டும் ஒரு தோளில் முன்பக்கமாக நீளமாகத் தொங்க விடுங்கள்.

அலங்காரம் செய்பவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: நேர் உச்சியை முன்னால் இரண்டு அங்குலம் மட்டும் பிரிக்கவேண்டும். அதற்குப் பின்னால் உச்சந்தலை முடியை மூன்று அடுக்காக எடுத்து, ஒவ்வொன்றையும் வேர்ப்பக்கமாகத் திருப்பிச் சீவி, கொஞ்சம் ஸ்ப்ரே அடித்து, மேல் அடுக்கை மட்டும் பளபளப்பாக மூடவேண்டும். இரண்டு விரல் உயரம் போதும். மூன்றாவது விரலுக்குப் போனால் தலையில் சிரட்டை கவிழ்த்த மாதிரி. சூரியன், சந்திரன் தலைநகைகள் வைப்பதென்றால் உங்கள் வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன், இரண்டும் உச்சியை ஒட்டியே இருக்கட்டும். காதுப்பக்கம் சரிந்தால் அவையும் அகலம் காட்டும்.

தங்கச்சி சொன்ன கோணல் உச்சியை ரிசெப்ஷனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் சமாதானம்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த மாதம் சாமத்திய வீடு. சதுர முகம் என்பதால் பெரிய கொண்டை போட்டால்தான் எடுப்பு என்று சலூனில் சொன்னார்கள். முடி ஐது, இரண்டு சவுரி வைக்கவேண்டி வருமாம். (திருக்கோவில்)

முதலில் ஒன்று, அம்மா. பன்னிரண்டு வயதில் தாடை எலும்பு வளர்ந்து முடியவில்லை. அது பதின்மூன்று, பதினான்கு தாண்டியும் மாறிக்கொண்டே போகும். "உனக்குச் சதுர முகம்" என்று பிள்ளையின் காதில் விழச் சொல்லாதீர்கள். இந்த வயதில் கேட்டது நாற்பது வயதிலும் கண்ணாடியில் நிற்கும்.

இரண்டு சவுரி வேண்டவே வேண்டாம். ஐதான முடியில் பாரத்தைத் தொங்கவிட்டால் அந்தப் பாரத்தை வேர்தான் தாங்கவேண்டும். ஒருநாளில் வழுக்கை விழுந்துவிடாதுதான். ஆனால் தினமும் பள்ளிக்கூடத்துக்கு இறுக்கிப் பின்னல், விசேஷத்துக்கு இறுக்கிக் கொண்டை என்று இழுவை தொடர்ந்தால், நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி மெலிந்து பின்வாங்கும். சில பேருக்கு அது திரும்ப முளைக்காமலே போய்விடும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், குற்றவாளி நான்தான். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பிள்ளைக்குச் சாமத்தியக் கொண்டை போட்டேன். முடி ஐது, கனமான சவுரி, மேலே முழம் முழமாகப் பூ. ஆடக்கூடாது என்று கிளிப்பாகக் குத்தித் தள்ளினேன். ஆலாத்தி எடுக்கும்வரை பிள்ளை வாய் திறக்கவில்லை. சாப்பாட்டு நேரம் பார்த்தால் சோற்றைத் தொடவில்லை, கண் கலங்கி நிற்கிறது. குனிய முடியவில்லையாம். அங்கேயே உட்கார்த்திக் கழற்றினேன். அறுபத்து நான்கு கிளிப். காதுக்குப் பின்னால் ஒன்று தோலைச் சீவியிருந்தது. அந்த வீட்டுப் படங்களில் பிள்ளை ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை. என் கொண்டை மட்டும் பிரமாதமாக இருக்கிறது.

உங்கள் மகளுக்கு நீளப் பின்னலும் பூவும்தான் முதல் தெரிவு. பாரம் முதுகில் சாயும், வேரில் தொங்காது. கொண்டைதான் வேண்டுமென்று அவளே ஆசைப்பட்டால், சவுரிக்குப் பதிலாக டோனட் என்று விற்கிற பஞ்சு வளையம் ஒன்று போதும், எடையே இல்லை. கொண்டையை நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஒரு பக்கமாக, பிடரிக்கு மேலே வைக்கலாம். தாடை மூலை மெதுவாகத் தெரிய, காதுக்கு முன்னால் ஒரு மெல்லிய முடிக்கற்றையைச் சுருட்டி விடுங்கள். அது தாடை மூலையிலேயே முடியக்கூடாது, அப்படி முடிந்தால் "இதோ மூலை" என்று விரல் நீட்டிக் காட்டியதாகிவிடும். ஒரு அங்குலம் கீழே இறங்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் புருவத்தை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். உயர்த்தக் கஷ்டப்பட்டாலோ, நெற்றியோரத்தில் தோல் சிறு சிறு மொட்டாக எழும்பியிருந்தாலோ அது இறுக்கம் கூடிய கொண்டை. அவிழ்த்துத் திரும்பப் போடச் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள், காசு கொடுக்கிறீர்கள்.

நான் ஆசிரியை. தினமும் சீலைதான். நீள முகம், ஏறு நெற்றி. உச்சியில் கொண்டை போட்டால் இன்னும் நீளமாகத் தெரிகிறேன். (கல்முனை)

அப்படியானால் உச்சியை விட்டு இறங்குங்கள். பிடரியில், சட்டைக் கழுத்துக்குச் சற்று மேலே தளர்வான கொண்டை. கோணல் உச்சி எடுத்து, முன்முடியை நெற்றியின் ஒரு மூலையை மூடுகிற மாதிரிச் சரித்துவிட்டு, காதின் மேல்பாதி மறைய மெதுவாகப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். உருண்டை முகக்காரிக்கு வேண்டாம் என்று மேலே சொன்ன காதோர அகலம் உங்களுக்கு வேண்டும். பூ வைத்தாலும் காதோரம்தான்.

பஸ்ஸில் போகிறவர் என்றால் கறுப்பு கிளிப்பைக் குத்தும் முறையும் தெரிந்திருக்கட்டும். நெளிந்த பக்கம் தலைத்தோலைப் பார்க்கவேண்டும். அனேகம் பேர் அது அலங்காரம் என்று நினைத்து மேலே வைக்கிறார்கள். நெளிவுதான் முடியைப் பிடிக்கும். இரண்டு கிளிப்பைப் பெருக்கல் குறிபோலக் குறுக்கே குத்தினால் நான்கு கிளிப்பின் வேலை நடக்கும்.

ஹிஜாப் போடுகிறவர்களுக்கும் முக வடிவம், கொண்டை என்றெல்லாம் இருக்கிறதா? (காத்தான்குடி)

ஏன் இல்லை? உங்களுக்கு முடியின் வேலையைத் துணி செய்கிறது, அவ்வளவுதான். உருண்டை முகத்துக்குக் கன்னத்தில் துணியைச் சற்று உள்ளே தள்ளி, நெற்றிக்கு மேலே மடிப்பில் கொஞ்சம் உயரம் கொடுங்கள். நீள முகத்துக்கு நெற்றியில் கீழிறக்கி, கன்னத்துக்குப் பக்கத்தில் தளர்வு விடுங்கள். சதுரத் தாடைக்கு நாடியின் கீழே இறுக்கிப் பின் குத்தாமல் ஒரு பக்கமாக வளைத்துக் கொண்டுபோங்கள்.

கொண்டை பிடரியில், தட்டையாக. உச்சியில் எழும்பி நிற்பது மார்க்கத்துக்குச் சரியில்லை என்று பல வீடுகளில் சொல்வார்கள். அலங்காரக் கணக்கிலும் அது துணியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். உள்தொப்பி பருத்தியாக இருந்தால் ஷிஃபோன் வழுக்காது. ஈரத்தோடு மட்டும் கட்டாதீர்கள். வேக்காடும் ஈரமும் சேர்ந்தால் பொடுகும் வாடையும் கூடும். கலியாண நாளென்று காலையில் தலை முழுகிவிட்டு அப்படியே கட்டுகிறவர்கள் நிறையப் பேர். முதல்நாளே முழுகுங்கள்.

பாசிக்குடாக் கடற்கரையில் கலியாணப் படப்பிடிப்பு. இதய முகம், நெற்றி அகலம். தளர்வான கொண்டை ஆசை. (வாழைச்சேனை)

ஆசைக்குக் குறுக்கே நிற்பது உங்கள் நெற்றி அல்ல, கச்சான் காற்று. மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலையிறங்கி வரும் அந்தக் காற்று, நம் பக்கத்துக்கு வரும்போது சுடுகிற காய்ந்த காற்றாகிவிடுகிறது. இந்த மாதங்களில் அது வீசத் தொடங்கினால் தளர்வான கொண்டை அரைமணி நேரம்கூடத் தாங்காது. தளர்வு கண்ணுக்குத் தெரிய வேண்டும், உள்ளே இருக்கக்கூடாது. முதலில் ஒரு இறுக்கமான குதிரைவால், அதை அடித்தளமாக வைத்துச் சுருள்களைக் குத்தி, கடைசியில் இரண்டு இடத்தில் விரலால் இழுத்துத் தளர்த்துவது. அவ்வளவே.

இதய முகத்துக்கு உயரம் வேண்டாம். தாடைக்கு நேரே, காதுக்குக் கீழே பருமன் வேண்டும். தாழ்ந்த கொண்டையின் ஒரு பக்கம் காதுமடலுக்குக் கீழே முன்னாலிருந்து எட்டிப் பார்த்தால் ஒடுங்கிய நாடிக்கு ஒரு துணை. காலையிலேயே படம் எடுங்கள். மல்லிகையும் வாடாது, நீங்களும் வாடமாட்டீர்கள்.

பிள்ளை பிறந்து ஐந்து மாதம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. தம்பியின் கலியாணத்துக்கு எப்படிக் கொண்டை போடுவேன்? (அக்கரைப்பற்று)

பிள்ளை வயிற்றில் இருந்தபோது கொட்டாமல் நின்ற முடிதான் இப்போது சேர்த்துக் கொட்டுகிறது. பிரசவத்துக்குப் பிறகு மூன்று மாதமளவில் தொடங்கும், பெரும்பாலானவர்களுக்குப் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்போது சரியாகிவிடும். அங்கங்கே வட்டமாக உதிர்ந்தாலோ, ஒரு வருடம் தாண்டியும் நிற்காவிட்டாலோ டொக்டரிடம் காட்டுங்கள்.

இப்போதைக்கு முக வடிவத்தை மறந்துவிடுங்கள். இழுத்துச் சீவினால் நெற்றிப்பொட்டில் ஐது தெரியும், அதை மறைப்பதுதான் காரியம். ஆழமான கோணல் உச்சி, முன்முடி தளர்வாக, பிடரியில் சிறு கொண்டை, பஞ்சு வளையம். புதிதாக முளைத்து நட்டுக்கொண்டு நிற்கும் குட்டி முடியைப் படிய வைக்கச் சுத்தமான பழைய பற்பிரஷில் கொஞ்சம் ஜெல் போதும். பெரிய முத்துக் கிளிப் வேண்டாம். பிள்ளை முதலில் அதைத்தான் பிடித்து இழுக்கும்.

கண்ணாடி போடுகிறேன், முடி தோள்வரைதான். கொண்டை சாத்தியமா? (செங்கலடி)

சாத்தியம். இரண்டு பக்கமும் முறுக்கிப் பின்னால் சேர்த்துக் குத்துங்கள். கண்ணாடித் தண்டு போகும் வழியில் கிளிப் குத்தாதீர்கள். கொண்டை போடும்போதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருங்கள்.

ஸ்ப்ரே அடித்த கொண்டையை இரவில் எப்படி அவிழ்ப்பது? போன முறை பாதி முடி சீப்போடு வந்துவிட்டது. (சம்மாந்துறை)

சீப்பை எடுத்ததுதான் பிழை. முதலில் கிளிப் எல்லாவற்றையும் கையால் தடவித் தடவி எடுங்கள். பிறகு தேங்காய் எண்ணெயோ கண்டிஷனரோ தாராளமாகத் தடவிக் கால்மணி நேரம் ஊறவிட்டு, விரலால் பிரித்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மேலே போங்கள். தலை முழுகுவது அதற்குப் பிறகு. கொண்டை போட்டவரிடம் எத்தனை கிளிப் குத்தினார் என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் எண்ணும்போது ஒன்று குறைந்தால் படுக்குமுன் தேடுங்கள், அல்லது தலையணை தேடித்தரும்.