கணினிக் கேள்வி–பதில்: பழைய விண்டோஸுக்குள் இருக்கும் மலர்கள்

கேள்வி: எங்கள் அச்சகத்தில் விண்டோஸ் 98 கணினியில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் கொண்டு வடிவமைத்த நினைவு மலர்களும் கோயில் திருவிழா மலர்களும் நிறைய உள்ளன. கணினி பழுதாகுமுன் அதன் வன்தட்டை முழுமையாகப் படியெடுத்து, இப்போது விண்டோஸ் 10 கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருள்) மூலம் இயக்குகிறோம். மலர்கள் திறக்கின்றன; ஆனால் இரு பக்கமும் கோப்புகளைப் பகிர உதவும் பகிர்வுக் கோப்புறை வேலை செய்யவில்லை. வெளிநாட்டு உறவினர்கள் மறுபதிப்புக் கேட்கிறார்கள். கோப்புகளை எப்படி வெளியே எடுப்பது?
– அச்சக உரிமையாளர், திருகோணமலை

பதில்: வன்தட்டைப் படியெடுத்து வைத்தீர்களே, அதுவே பெரிய காரியம். இறந்தவரின் முப்பத்தோராம் நாள் மலரில் அச்சான வம்சாவழியைத் தவிர வேறு எழுத்துச் சான்று இல்லாத குடும்பங்கள் நம் ஊரில் பல உண்டு.

பகிர்வுக் கோப்புறை இயங்க, உள்ளே ஓடும் விண்டோஸில் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்ற துணை மென்பொருளை நிறுவ வேண்டும். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றுக்கு அது இல்லை. எனவே அமைப்புகளை எப்படி மாற்றினாலும் பயன் கிடைக்காது.

எளிய வழி, கோப்புகளை வெளியிலிருந்தே எடுப்பது. உள்ளே இருக்கும் விண்டோஸை அதன் ஸ்டார்ட் பட்டியல் வழியாக முறைப்படி நிறுத்துங்கள். வேர்ச்சுவல்பொக்ஸின் 'நிலையைச் சேமித்து மூடு' என்பதைத் தேர்ந்தால், வட்டில் எழுதப்படாத தகவல் நினைவகத்திலேயே தங்கிவிடக்கூடும். பின்னர் பழைய வன்தட்டின் உள்ளடக்கம் இருக்கும் விடிஐ வட்டுக் கோப்பைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை 7-ஸிப் மென்பொருளில் திறந்தால் பழைய வன்தட்டின் கோப்புறைகள் அப்படியே தெரியும். வேண்டியவற்றை வெளியே எடுத்துக்கொள்ளலாம். வேர்ச்சுவல்பொக்ஸில் 'ஸ்னாப்ஷொட்' (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்திருந்தால், அதற்குப் பின் செய்த மாற்றங்கள் வேறொரு கோப்பில் இருக்கும் என்பதால், மூல விடிஐயில் உங்கள் அண்மைத் திருத்தங்களைக் காண மாட்டீர்கள்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். உள்ளே விண்டோஸ் 98 ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே வட்டுக் கோப்பை வெளியே இன்னொரு இயக்ககமாக இணைத்து எழுதக் கூடாது. எந்தக் கோப்பு வட்டின் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணையை ஒவ்வோர் இயங்குதளமும் தன் நினைவகத்தில் தனியாக வைத்திருக்கும். ஒன்று செய்த மாற்றம் மற்றொன்றுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே இடத்தில் எழுதினால் அட்டவணை சிதைந்து, ஒரு மலரின் நடுவே இன்னொரு மலரின் பக்கங்கள் புகுந்துவிடும்.

புதிய படங்களை உள்ளே கொண்டுசெல்ல, அவற்றை ஐஎஸ்ஓ கோப்பாக்கி (ஒரு குறுவட்டின் உள்ளடக்கம் முழுதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) மெய்நிகர் குறுவட்டாகச் செருகுங்கள். குறுவட்டிலிருந்து பிரதியெடுக்கும் கோப்புகளில் 'படிக்க மட்டும்' என்ற குறி ஒட்டிக்கொண்டே வரும். பண்புகள் சாளரத்தில் அதை நீக்கிய பிறகே திருத்திச் சேமிக்க முடியும்.

அன்றாடம் இருபக்கமும் கோப்பு அனுப்புவதாயின், ஹோஸ்ட்-ஒன்லி வலையமைப்பை (வெளிக் கணினியையும் மெய்நிகர் கணினியையும் மட்டும் இணைப்பது) ஏற்படுத்தி, வெளிக் கணினியில் கோப்புகளை அனுப்பிப் பெற உதவும் ஓர் எஃப்டிபி சேவையகத்தை நிறுவுங்கள். அதன் முகவரி பொதுவாக 192.168.56.1 ஆக இருக்கும். விண்டோஸ் 98 உடன் வரும் எஃப்டிபி கட்டளை இயல்பாகவே உரைக் கோப்பு என்று கருதி அனுப்பும். ஆகவே முதலில் 'பைனரி' என்ற கட்டளையைக் கொடுக்காவிட்டால் பேஜ்மேக்கர் கோப்பு பழுதாகிவிடும்.

கேள்வி: பாடசாலை நூலகத்தின் பழைய டிபேஸ் (டொஸ் காலத்துத் தரவுத்தள மென்பொருள்) பட்டியலை, டொஸ் மென்பொருள்களைப் புதிய கணினியில் இயக்கும் டொஸ்பொக்ஸில் திறக்கிறேன். வெளியே அதே கோப்புறையில் புதிய கோப்பை வைத்தால் உள்ளே தெரிவதில்லை. ஏன்?
– ஆசிரியை, மூதூர்

பதில்: டொஸ்பொக்ஸ் ஒரு கோப்புறையை இணைக்கும்போது அதன் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்கிறது. கண்ட்ரோல் விசையுடன் எஃப்4 விசையை அழுத்துங்கள், அல்லது 'ரீஸ்கேன்' கட்டளையைக் கொடுங்கள். புதிய கோப்பு தெரியும். பெயரை எட்டு ஆங்கில எழுத்துகளுக்குள் வையுங்கள். தமிழ்ப் பெயர்கள் டொஸுக்குப் புரியாது. டிபேஸில் பதிவுகளைச் சேர்த்த பின் கோப்பை மூடிவிட்டே வெளியே பிரதி எடுங்கள். திறந்திருக்கும்போது எடுத்த பிரதியில் கடைசிப் பதிவுகள் விடுபடலாம். இணைப்பதற்கென்று தனிக் கோப்புறை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சி இயக்ககம் முழுவதையும் இணைத்தால், டொஸ்பொக்ஸே அது வேண்டாம் என்று எச்சரிக்கும். உள்ளே தவறுதலாக நீக்கும் கோப்பு வெளியிலும் உண்மையாகவே நீங்கிவிடும் என்பதால் அந்த எச்சரிக்கையை மதிக்க வேண்டும்.

கேள்வி: மெய்நிகர் கணினியிலிருந்து எடுத்த உரைக் கோப்பு, புதிய கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?
– வாசகர், உப்புவெளி

பதில்: இல்லை. அது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட உரை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான் பயன்படுகிறது. புதிய கணினியில் பாமினியை நிறுவி, உரைக்கு அந்த எழுத்துருவைத் தெரிவு செய்தால் தமிழாகத் தெரியும். மின்னஞ்சலில் அனுப்பவோ தேடவோ வேண்டுமானால் யுனிகோட் மாற்றி ஒன்றில் மாற்றி, பெயர்களையும் திகதிகளையும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.