இன்னொரு வருடம் நீட் பயிற்சி வேண்டாம், அம்மா

அம்மா, நீட்டில் மதிப்பெண் குறைந்த மகளை இன்னொரு வருடம் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்கச் சனிக்கிழமை நீங்கள் மூவரும் வந்திருந்தபோது, அவள் முன்னால் சொல்லத் தயங்கியதை இப்போது எழுதுகிறேன். மனசைத் தளரவிடாதீர்கள், மதிப்பெண் மட்டுமே வாழ்க்கை இல்லை என்று அன்று நானும் ஆறுதல்தான் சொன்னேன். அது போதாது.

உயிரியலில் நன்றாகச் செய்தவள் இயற்பியலில் எப்படிக் கோட்டைவிட்டாள், கவனமில்லாமல் எழுதியிருக்கிறாள் என்று அவளுடைய பெரியப்பா சொன்னாராம். கவனக்குறைவு இல்லை, அம்மா. ஒரு கணக்கைப் போடும்போது கொடுத்த எண்கள், சூத்திரம், அடுத்த படி எல்லாவற்றையும் மனதில் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். இதைச் செயல்நினைவு என்கிறார்கள். அதில் ஒரு நேரத்தில் நான்கைந்து விஷயங்கள்தான் நிற்கும். 'வளையலை அடகு வைத்துப் படிக்க வைத்தார்களே' என்ற நினைப்பு உள்ளே வந்துவிட்டால், அதுவும் அங்கேதான் இடம் பிடிக்கும். படித்து மனதில் பதிந்த உயிரியல் விடைகள் ஓரளவு தப்பிக்கும். படிப்படியாகப் போட வேண்டிய கணக்குதான் முதலில் அடிவாங்கும்.

உள்ளங்கை வியர்த்தது, வயிறு பிசைந்தது என்று அவளே சொன்னாளே. பயந்த நொடியிலேயே அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கும். கார்ட்டிசால் என்ற இன்னொரு பதற்றச் சுரப்பு மெதுவாக ஏறி, இருபது முப்பது நிமிடம் கழித்து உச்சத்துக்குப் போகும். மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு. அதற்கு நடுவில்தான் இத்தனையும் நடந்திருக்கிறது. பிறர் தன்னை எடைபோடுகிறார்கள் என்ற நினைப்புக்குப் பதின்பருவத்து உடல் கூடுதலாகவே பதறும். அதை அடக்கியாள வேண்டிய மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதும் தாண்டிவிடும்.

இந்த நிலையில் ஒன்றரை லட்சம் கட்டி விடுதிப் பயிற்சியில் சேர்த்தால் என்ன ஆகும்? பாடம் அவளுக்கு ஏற்கனவே தெரியும். புதிதாகச் சேரப்போவது அந்தப் பணத்தின் பாரம்தான். கடன் வாங்காதீர்கள். நிர்வாக ஒதுக்கீடு, வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்று யார் வந்து சொன்னாலும் நிலத்தைத் தொடாதீர்கள். 'எனக்கு இன்னொரு தடவை வேண்டாம்' என்று அவள் இரண்டு முறை சொன்னாள். அதற்குமேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

வேறு படிப்புகள் என்றால் பொறியியல், நர்சிங் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். திக்கிப் பேசும் தம்பியை அவசரப்படுத்தாமல் வாசிக்க வைக்கிறாள் என்று போகிறபோக்கில் சொன்னீர்களே, நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். பி.ஏ.எஸ்.எல்.பி. என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. செவித்திறனையும் பேச்சையும் பற்றியது. பயிற்சிக் காலத்தோடு நான்கு ஆண்டுகள். நம் மாநில அரசு இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் துணை மருத்துவப் படிப்புக் கலந்தாய்வு நடக்கும். சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்தப் படிப்பு உண்டு. மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இந்தத் துறையில் பெயர்பெற்ற இடம். அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. தனியார் கல்லூரி என்றால், இந்தப் படிப்பை ஒழுங்குபடுத்தும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பது, காதுக் கருவியை அளவாகப் பொருத்துவது, உள்காதில் கேட்கும் கருவி வைக்கும் காக்ளியர் அறுவைச் சிகிச்சை முடிந்த குழந்தைக்கு மாதக்கணக்கில் ஒவ்வொரு ஒலியாகப் பழக்குவது, பக்கவாதத்தில் பேச்சு போன பெரியவரை மறுபடி பேச வைப்பது எல்லாம் இவர்கள் வேலை. அவசரப்படுத்தினால் திக்கல் கூடும். பயம் உடம்பை என்ன செய்யும் என்று அனுபவித்தவள் அந்தப் பிள்ளைகள் எதிரில் பொறுமையாக உட்காருவாள் என்று நம்புகிறேன். மருத்துவமனை, சிறப்புப் பள்ளி, குழந்தைகளின் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையம் என்று வேலைக்கு இடங்கள் உண்டு. தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியிலும் தேர்வு வரும். உள்ளே போகும் முன் பத்து நிமிடம் மனதில் இருக்கும் பயத்தைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதிய பதற்றக்கார மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுத்ததாக 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. தூக்கமோ சாப்பாடோ தொடர்ந்து கெட்டால் தாமதிக்காமல் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

இந்த வாரமே அவளை உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். செவிச்சோதனை அறையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். உறவினர் யாரும் கூட வேண்டாம். வெளியே வந்ததும் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள்.