திருத்திய படம் நேராக இணையத்துக்கு: வாசகர் கேள்வி பதில்

வார இறுதிகளில் திருமணம், வளைகாப்பு என்று படம் எடுத்துக் கொடுக்கிறேன். லைட்ரூம் கிளாசிக்கில் திருத்தி, ஒரு கோப்புறையில் சேமித்து, பிறகு உலாவியைத் திறந்து ஃபிளிக்கர் படப் பகிர்வுத் தளத்தில் ஏற்றுகிறேன். 400 படம் போட்டால் பாதியில் நின்றுவிடுகிறது. எது ஏறியது, எது ஏறவில்லை என்று தேடவேண்டியிருக்கிறது. சில படங்கள் இரண்டு தடவை வந்துவிடுகின்றன. மென்பொருளிலிருந்தே நேராக ஏற்ற முடியுமா?
– வாசகர், ஈசூன்

முடியும். அந்த வசதி உங்கள் மென்பொருளிலேயே இருக்கிறது. 2010இல் வந்த லைட்ரூம் 3 முதல் ‘பப்ளிஷ் சர்வீசஸ்’ என்ற பகுதி உண்டு. லைப்ரரி பக்கத்தில் இடப்புறப் பட்டையின் அடியில் பாருங்கள். அங்கே ஃபிளிக்கருக்கு நேரே ‘செட் அப்’ என்று இருக்கும்.

அதை அழுத்தினால் வரும் சாளரத்தில் முதல் வேலை அனுமதி கொடுப்பது. ‘ஆத்தரைஸ்’ பொத்தானைத் தட்டினால் உலாவி திறக்கும். ஃபிளிக்கரில் நுழைந்து அனுமதி தந்துவிட்டு லைட்ரூமுக்குத் திரும்பி ‘டன்’ கொடுக்கவேண்டும். உங்கள் கடவுச்சொல் லைட்ரூமுக்குப் போவதில்லை. ஃபிளிக்கர் அதற்கென்று தனியாக ஓர் அனுமதிச் சாவி தருகிறது. இந்த இடத்தில் இரண்டு தொல்லைகள் வரும். உலாவியில் ஏற்கெனவே மனைவியின் கணக்கோ பிள்ளையின் கணக்கோ திறந்திருந்தால், அனுமதி அந்தக் கணக்குக்குப் போய்விடும்; படமெல்லாம் அங்கேதான் ஏறும். ஆகவே முதலில் உலாவியில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். அடுத்தது கணினிக் கடிகாரம். அனுமதிக் கோரிக்கையில் நேர முத்திரை இருப்பதால், கடிகாரம் தவறாக ஓடினால் தளம் கோரிக்கையை மறுத்துவிடலாம். காரணம் தெரியாமல் அனுமதி தோற்றுக்கொண்டே இருந்தால், தேதியையும் நேரத்தையும் தானியங்கி அமைப்புக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

அதே சாளரத்தில் கீழே இறங்கினால் தலைப்பு, கோப்பு அளவு, நிறவெளி, தனியுரிமை எல்லாம் வரும். தலைப்பை ‘ஐபிடிசி டைட்டில்’ என்று, அதாவது படத்தின் விவரத்தில் நீங்களே எழுதும் தலைப்பு என்று வையுங்கள். கோப்புப் பெயரை விட்டுவைத்தால் மாலை மாற்றும் படத்துக்கு ‘டிஎஸ்சி_0412’ என்றுதான் தலைப்பு வரும். தமிழில் தலைப்பும் குறிச்சொல்லும் எழுதினால் அப்படியே தளத்தில் தெரியும்.

அளவுதான் உங்கள் முதல் சிக்கலுக்குக் காரணமாக இருக்கும். 24 மெகாபிக்சல் கேமராவின் முழு அளவு ஜேபெக், தரம் 100இல், ஒரு படத்துக்கு ஏறத்தாழ 12 எம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 படம் 4.8 ஜிபி. வீட்டில் ஃபைபர் இருந்தாலும், மூலையறையில் வைஃபை வழியாக உண்மையில் கிடைப்பது விநாடிக்கு 10 மெகாபிட் என்றால், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதற்குள் மடிக்கணினி உறங்கிவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். நீளப் பக்கம் 2048 பிக்சல், தரம் 80 என்று குறைத்தால் படம் சுமார் 1 எம்பிக்கு வரும். அதே 400 படம் ஐந்தாறு நிமிடத்தில் ஏறிவிடும். 4ஆர் அச்சுக்கு 2048 தாராளம். உறவினர்கள் 8ஆர் போடுவார்கள் என்றால் நீளப் பக்கத்தை 3600 ஆக்குங்கள். 8ஆர் என்பது 8க்கு 10 அங்குலம். கேமராப் படத்தின் விகிதம் 3க்கு 2 என்பதால் ஓரம் வெட்டுப்படும், அந்த வெட்டையும் கணக்கில் சேர்த்துத்தான் 3600. படம் ஏறி முடியும்வரை கணினி உறங்காதபடி மின்சார அமைப்பை மாற்றி வையுங்கள். முடிந்தால் கம்பி வழி இணைப்பைப் பயன்படுத்துங்கள்.

இனி ஃபிளிக்கர் வரியில் வலது சொடுக்கு செய்து ‘கிரியேட் போட்டோசெட்’ கொடுத்து, திருமணத்தின் பெயரில் ஓர் ஆல்பம் உண்டாக்குங்கள். படங்களை இழுத்து அதில் போட்டுவிட்டு ‘பப்ளிஷ்’ அழுத்துங்கள். ஏறிய படம் ‘பப்ளிஷ்டு போட்டோஸ்’ வரிசைக்கு நகரும். ஏறாதது ‘நியூ போட்டோஸ் டு பப்ளிஷ்’ வரிசையிலேயே நிற்கும். 217ஆவது படத்தில் இணைப்பு அறுந்தாலும் மறுபடி ‘பப்ளிஷ்’ அழுத்தினால் போதும், மீதி மட்டும் போகும். தேடவும் வேண்டாம், இரட்டைப் படமும் வராது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ஃபிளிக்கர் இலவசக் கணக்கில் மொத்தம் 1000 படங்கள்தான் வைக்கலாம். அவற்றிலும் பொதுப்பார்வைக்கு வராத படங்கள் 50க்கு மேல் இருக்கக்கூடாது. இந்த 50 படக் கட்டுப்பாடு 2022இல் வந்தது. ஒரு குடும்பத்தின் திருமண ஆல்பத்தை ஊரே பார்க்கும்படி திறந்துவைப்பது முறையல்ல. 400 படத்தைத் தனிப்பட்டதாக வைக்கவேண்டுமென்றால் கட்டணக் கணக்கு வேண்டும். வாங்குகிற கட்டணத்தில் அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

---

தேக்கா தீபாவளி ஒளியூட்டுப் படங்கள் 60ஐ இப்படி நேரடியாக ஏற்றியிருந்தேன். நேற்று எல்லாப் படங்களுக்கும் ‘சிராங்கூன் சாலை’ என்று ஒரு குறிச்சொல் சேர்த்தேன். 60 படமும் ‘மாடிஃபைடு போட்டோஸ் டு ரீபப்ளிஷ்’ வரிசைக்குப் போய்விட்டன. மறுபடி ஏற்றவேண்டுமா?
– வாசகி, தெம்பனிஸ்

உடனே ‘பப்ளிஷ்’ அழுத்திவிடாதீர்கள். படத்தின் நிறத்தைத் தொட்டாலும் சரி, ஒரு குறிச்சொல்லைத் தொட்டாலும் சரி, லைட்ரூமுக்கு இரண்டும் மாற்றம்தான். தளத்தில் உள்ள பிரதி பழையதாகிவிட்டது என்று அது உங்களுக்குச் சொல்கிறது, அவ்வளவே.

உங்களுடையது கட்டணக் கணக்கா, இலவசக் கணக்கா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த அடி. கட்டணக் கணக்கில் பழைய படத்தின் இடத்தில் புதியது உட்காரும்; கருத்துகளும் விருப்பக் குறிகளும் தங்கும். இலவசக் கணக்கில் அந்த வசதி இல்லை. பழைய படம் நீக்கப்பட்டு, புதிதாக ஒன்று ஏறும். கீழே வந்திருந்த கருத்தெல்லாம் போய்விடும், நண்பர்களுக்கு அனுப்பிய இணைப்பும் திறக்காது.

குறிச்சொல் மட்டும்தான் மாறியது என்றால் 60 படத்தையும் தேர்ந்தெடுத்து, வலது சொடுக்கில் ‘மார்க் அஸ் அப் டு டேட்’ கொடுங்கள். எல்லாம் பழைய வரிசைக்குத் திரும்பிவிடும். அந்தக் குறிச்சொல் தளத்திலும் வேண்டுமானால், உலாவியில் ஆல்பத்தைத் திறந்து மொத்தமாகச் சேர்த்துவிடலாம். ஒரு படத்துக்கு 75 குறிச்சொற்கள் வரை இடம் உண்டு.

இனிமேல் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் திருத்தம், பிறகு தலைப்பும் குறிச்சொல்லும், கடைசியில்தான் பதிவேற்றம்.

---

புதுக் கணினி வாங்கினேன். லைட்ரூமை நிறுவி, படங்களை எல்லாம் புதிதாக இறக்குமதி செய்து, ஃபிளிக்கர் இணைப்பையும் கொடுத்தேன். ஆல்பங்கள் காலியாக நிற்கின்றன. மறுபடி ஏற்றினால் எல்லாம் இரண்டிரண்டாக வருகின்றன.
– வாசகர், சுவா சூ காங்

எந்தப் படம் தளத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்ற பதிவு படக்கோப்பில் இல்லை. லைட்ரூமின் கேட்டலாக்கில், அதாவது ‘.எல்ஆர்கேட்’ என்று முடியும் கோப்பில் இருக்கிறது. படங்களை மட்டும் கொண்டுவந்து புதுக் கேட்டலாக் தொடங்கினால், லைட்ரூமுக்கு அவை என்றுமே ஏறாத படங்கள்.

பழைய கணினி இன்னும் கையில் இருந்தால் தப்பித்தீர்கள். இரு கணினிகளிலும் லைட்ரூமை மூடிவிட்டு, பழைய ‘.எல்ஆர்கேட்’ கோப்பை வெளி வட்டு வழியாகப் புதுக் கணினிக்குக் கொண்டுவந்து, அதையே இரட்டைச் சொடுக்கில் திறங்கள். படக் கோப்புறைகளில் கேள்விக்குறி தெரிந்தால் வலது சொடுக்கு செய்து ‘ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்’ வழியாகப் புது இடத்தைக் காட்டுங்கள். ஃபிளிக்கர் மறுபடி அனுமதி கேட்கலாம். அதே கணக்கில் கொடுங்கள். ஆல்பங்கள் பழையபடி நிற்கும். புதுக் கேட்டலாக்கிலிருந்து ஏறிய இரட்டைப் படங்களை மட்டும் உலாவியில் நீக்கிவிடுங்கள்.

அதோடு, பட்டையில் உள்ள ஃபிளிக்கர் இணைப்பையே நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைச் செய்யவேண்டாம். தளத்தில் உள்ள படங்கள் அப்படியே இருக்கும், ஆனால் அவற்றுக்கும் கேட்டலாக்குக்கும் இருந்த தொடர்பு போய்விடும். உங்களுக்கு இப்போது நேர்ந்ததேதான் மறுபடி நேரும்.

நீக்குவதிலும் ஒரே பக்கத்தை நம்புங்கள். ஒரு படம் தளத்திலிருந்து போகவேண்டும் என்றால், லைட்ரூமின் ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டு ‘பப்ளிஷ்’ அழுத்துங்கள். அங்கேயும் போய்விடும், கணினியில் மூலப்படம் பத்திரமாக இருக்கும். உலாவியில் நேராக நீக்கினால் லைட்ரூமுக்குச் சேதி போகாது, அது இன்னும் ஏறியதாகவே கணக்கு வைத்திருக்கும். கேட்டலாக்குக்கு வாரம் ஒரு காப்புப் பிரதி, அதுவும் வேறு வட்டில், கட்டாயம் வேண்டும். படத்தைக் காப்பெடுப்பவர்களில் பலர் கேட்டலாக்கை மறந்துவிடுகிறார்கள்.

---

மணப்பெண்ணின் அரக்குச் சிவப்புப் பட்டு, லைட்ரூமில் சரிகையோடு அழகாகத் தெரிகிறது. தளத்தில் ஒரே சிவப்புத் திட்டாக இருக்கிறது. கைபேசியில் பார்த்தால் வெளிறியும் போகிறது.
– வாசகி, உட்லண்ட்ஸ்

இரண்டும் தனித்தனிக் கோளாறு. வெளிறுவதற்குக் காரணம் நிறவெளி, அதாவது படத்தில் இடம்பெறக்கூடிய நிறங்களின் எல்லை. ‘செட் அப்’ சாளரத்தில் ‘கலர் ஸ்பேஸ்’ அடோபி ஆர்ஜிபி என்றோ புரோபோட்டோ என்றோ இருந்தால் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். இணையத்துக்கு அதுதான் பத்திரம்.

திட்டாவது வேறு விஷயம். பட்டின் அடர்சிவப்பு எஸ்ஆர்ஜிபியின் எல்லைக்கு வெளியே போகும்போது, அந்தச் சிவப்பின் நுணுக்க வேறுபாடுகள் எல்லையிலேயே ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. மடிப்பின் நிழலும் நெசவின் கோடும் அதில் மறைந்துவிடும். டெவலப் பக்கத்தில் எஸ் விசையை அழுத்தினால் ‘சாஃப்ட் புரூஃபிங்’ வரும். புரொஃபைலை எஸ்ஆர்ஜிபி ஆக்கி, ஹிஸ்டோகிராமின் வலது மேல்மூலையில் உள்ள குறியை அழுத்துங்கள். எல்லை மீறிய பகுதி சிவப்புப் பூச்சாகக் காட்டப்படும். சிவப்புப் புடவையில் சிவப்புப் பூச்சு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது; குறியை இரண்டு மூன்று முறை போட்டு அணைத்து ஒப்பிட்டால்தான் பிடிபடும். பிறகு ‘கிரியேட் புரூஃப் காப்பி’ கொடுத்து, அந்த நகலில் நிறங்களைத் தனித்தனியாகத் திருத்தும் எச்எஸ்எல் பகுதியில் சிவப்பின் செறிவை 10, 15 என்று மெல்லக் குறையுங்கள். முகத்தின் நிறமும் கூடவே செத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே குறைக்கவேண்டும். அப்படிப் போனால் தூரிகை கொண்டு புடவையை மட்டும் திருத்துங்கள். ஆல்பத்தில் போடவேண்டியது இந்த நகல். மூலப்படத்தைப் போட்டுவிட்டுப் பழைய திட்டு ஏன் வருகிறது என்று தேடவேண்டாம்.

---

பேரப்பிள்ளைகளின் படங்களை ஏற்றும்போது எங்கள் வீட்டு இடம் வரைபடத்தில் தெரிகிறது. அதை மறைப்பது எப்படி?
– வாசகர், பிடோக்

கைபேசியில் எடுத்த படத்தில் ஜிபிஎஸ் ஆயத்தொலைவு எழுதப்பட்டிருக்கும். வீவக அடுக்குமாடியின் புளோக் வரைக்கும் காட்டிக்கொடுத்துவிடும். ‘செட் அப்’ சாளரத்தின் ‘மெட்டாடேட்டா’ பகுதியில் ‘ரிமூவ் லொகேஷன் இன்ஃபோ’, ‘ரிமூவ் பர்சன் இன்ஃபோ’ இரண்டையும் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, முகம் அடையாளம் காணும் வசதியில் நீங்கள் கொடுத்த பெயர்களை நீக்கும்.

இன்னும் உறுதியான வழி ஒன்று இருக்கிறது. மேப் பக்கத்தில் ‘சேவ்டு லொகேஷன்ஸ்’ என்பதில் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ‘பிரைவேட்’ என்று குறித்துவிடுங்கள். அந்த வட்டத்துக்குள் எடுத்த படங்கள் எப்போது வெளியே போனாலும் இடத்தகவல் நீங்கியே போகும். தாத்தா பாட்டி வீடு, பாலர் பள்ளி ஆகியவற்றுக்கும் இப்படியே செய்யலாம்.

தனிப்பட்ட குறிச்சொற்களையும் கவனியுங்கள். பிள்ளையின் முழுப்பெயரைக் குறிச்சொல்லாக வைத்திருந்தால், அதன்மீது வலது சொடுக்கு செய்து ‘எடிட் கீவேர்டு டேக்’ திறந்து, ‘இன்க்ளூட் ஆன் எக்ஸ்போர்ட்’ குறியை எடுத்துவிடுங்கள். உங்கள் தேடலுக்கு அது இருக்கும், தளத்துக்குப் போகாது. சட்டையில் தெரியும் பள்ளிச் சின்னத்தை எந்த மென்பொருள் அமைப்பும் மறைக்காது. அதை நீங்கள்தான் வெட்டவேண்டும்.

---

லைட்ரூமில் முன்பு ஃபேஸ்புக்குக்கும் நேரடி வழி இருந்ததே, எங்கே போனது?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

வெளிச் செயலிகள் பயனீட்டாளர் பெயரில் பதிவிடும் அனுமதியை ஃபேஸ்புக் நிறுத்தியதால், 2018 ஆகஸ்ட் 1 முதல் அது வேலை செய்யவில்லை. நீளப் பக்கம் 2048 பிக்சல், எஸ்ஆர்ஜிபி என்று ஒரு ஏற்றுமதி முன்னமைப்பைச் சேமித்து வைத்துக்கொண்டு, கோப்புறை வழியாகவே ஏற்றுங்கள்.

---

சென்னைப் பயணத்தில் கேமரா சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்துவிட்டது. கைபேசிப் படங்களோடு சேர்த்து ஏற்றினால் வரிசை குழம்புகிறது.
– வாசகி, செங்காங்

வேறுபாடு இரண்டரை மணி நேரம். கேமராப் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ‘மெட்டாடேட்டா’ பட்டியலில் ‘எடிட் கேப்சர் டைம்’ திறங்கள். அதில் குறிப்பிட்ட தேதி, நேரத்துக்கு மாற்றும் முதல் தேர்வை எடுங்கள். காட்டப்படும் ஒரு படத்துக்குச் சரியான நேரத்தைக் கொடுத்தால், மற்றவை அனைத்தும் அதே அளவு பின்னுக்கு நகரும். ஏற்றுவதற்கு முன் செய்துவிடுங்கள். பிறகு செய்தால் எல்லாம் மாற்றப்பட்ட படங்களாகிவிடும்.

---

காசு கொடுக்காமல் இதே வேலையைச் செய்யும் மென்பொருள் உண்டா? முன்பு பிக்காசா வைத்திருந்தேன்.
– வாசகர், அங் மோ கியோ

பிக்காசாவை கூகல் 2016இல் நிறுத்திவிட்டது. இலவசமாகக் கிடைப்பவற்றில் எங்கள் தேர்வு டிஜிகேம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஃபிளிக்கர், ஸ்மக்மக், கூகல் போட்டோஸ், பிவிகோ ஆகியவற்றுக்கு அதன் ‘எக்ஸ்போர்ட்’ பட்டியலிலிருந்தே அனுப்பலாம். லினக்ஸ் வைத்திருந்தால் ஷாட்வெல்லும் போதும். டார்க்டேபிள் என்ற இலவசத் திருத்த மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு பிவிகோவுக்கு நேரடி வழி இருக்கிறது. ஆனால் பிவிகோவை நீங்களே ஒரு வழங்கியில் நிறுவிக்கொள்ளவேண்டும், அல்லது கட்டணம் கட்டி இடம் வாங்கவேண்டும்.

லைட்ரூமோடு ஒரு வேறுபாடு உண்டு. டிஜிகேம் அனுப்புவதோடு நின்றுவிடும். பிறகு நீங்கள் படத்தைத் திருத்தினால், தளத்தில் உள்ளது பழையது என்று அது நினைவூட்டாது. அனுப்பி முடித்த படங்களுக்கு ஒரு வண்ணக் குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூகல் போட்டோஸுக்கு அனுப்பினால், 2021 ஜூன் 1 முதல் ஏறும் படங்கள் எல்லாம் 15 ஜிபி இலவச இடத்தில்தான் கணக்காகும். அதே இடத்தைத்தான் உங்கள் ஜிமெயிலும் பயன்படுத்துகிறது. இடம் நிறைந்தால் புது மின்னஞ்சலும் வராது. அனுப்புவதற்கு முன் கணக்கில் எவ்வளவு மீதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.